நரகாசுரன் கட்டிய படிகளில்

முதல் நாள்: குவாஹாட்டி

ஈரோட்டில் விடியும் முன் விவேக் எக்ஸ்பிரஸ் ஏறினோம், அத்தையும் நானும். கன்னியாகுமரியில் கிளம்பி அசாமின் திப்ருகர் வரை நான்காயிரம் கிலோமீட்டருக்கு மேல் ஓடுகிற ரயில். இரண்டு பகல், இரண்டு இரவு. கட்டுச்சோறு தீர்ந்து, எலுமிச்சை ஊறுகாய் மட்டும் மிஞ்சியிருந்த நேரத்தில் காமாக்யா சந்திப்பு வந்தது. "அதா, அந்த மலைதானுங்க" என்று பக்கத்து இருக்கைக்காரர் காட்டியதாக நான் இந்தியிலிருந்து மாற்றிச் சொன்னதும், அத்தை செருப்பைக் கழற்றிவிட்டு சன்னலைப் பார்த்துக் கும்பிட்டார். பெரிய மலை இல்லை. நம் சென்னிமலை மாதிரிதான், மரம் அடர்ந்து பச்சையாக நிற்கிறது. பெயர் மட்டும் நீலாசலம், நீல மலை. அதன் மேல்தான் காமாக்யா அம்மன் கோவில்.

அத்தைக்கு அறுபத்தெட்டு வயது. கல்யாணமாகி வந்த புதிதில், ஊர் அங்காளம்மன் கோவில் பூசாரி ஒருவர், "வடக்க ஒரு மலையில அம்மனுக்குச் சிலையே இல்லீங்க, கல்லும் தண்ணியுந்தான்" என்று சொன்னாராம். நாற்பத்தைந்து வருடமாக அதை மனசில் வைத்திருந்திருக்கிறார். மாமா இருந்தவரை கேட்கவில்லை. இந்த வருடம்தான் என்னிடம் கேட்டார்.

தீபாவளி முடிந்து பத்து நாள்தான் ஆகிறது. அன்று விடியற்காலையில் பேரனுக்கு எண்ணெய் தேய்த்து, நரகாசுரன் செத்த கதையைச் சொல்லிவிட்டு வந்தவர் அத்தை. இப்போது அந்த நரகாசுரனின் ஊரிலேயே இறங்கியிருக்கிறோம். புராணங்களில் வரும் பிராக்ஜோதிஷபுரம் இன்றைய குவாஹாட்டிப் பகுதி என்றுதான் இங்கே வழிவழியாகச் சொல்கிறார்கள். அறைக்கு வந்து குளித்த பிறகு அதைச் சொன்னேன். அத்தை முடியை உலர்த்திக்கொண்டிருந்தவர் அப்படியே நிறுத்திவிட்டார். "அவன் ஊரா இது?"

ஆமாம். இங்குள்ளவர்களுக்கு அவன் கதை நம் கதையைவிட நீளம். காலிகா புராணம் சொல்வது இது: வராக அவதாரத்தில் திருமாலுக்கும் பூமித்தாய்க்கும் பிறந்தவன் நரகன். மிதிலையில் ஜனகர் அரண்மனையில் வளர்ந்தான். பிறகு தகப்பனே அவனை இங்கே கூட்டிவந்து, கிராதர்கள் என்ற மலைக்குடிகளின் அரசன் கடகனைக் கொல்ல வைத்து, ராஜாவாக முடிசூட்டினார். போகும்போது ஒரே ஒரு கட்டளை: காமாக்யாவைத் தவிர வேறு யாரையும் வணங்காதே. ரொம்ப காலம் அப்படித்தான் இருந்தான். சோணிதபுரத்துப் பாணாசுரனோடு சேர்ந்த பிறகுதான் கெட்டுப்போனான்.

அவன் மகன் பகதத்தன், பாரதப் போரில் யானை மேலேறி கௌரவர் பக்கம் நின்றவன். 7-ஆம் நூற்றாண்டில் காமரூபத்தை, அதாவது பழைய அசாமை, ஆண்ட பாஸ்கரவர்மன் தன் செப்பேட்டில் தன் வம்சத்தை நரகனிலிருந்துதான் தொடங்குகிறான். சீனப் பயணி யுவான் சுவாங் வந்து பார்த்த அதே அரசன். நாம் பட்டாசு வெடித்துச் சாவைக் கொண்டாடுகிறவன் இங்கே ராஜாக்களுக்குப் பூட்டன்.

நாலே முக்காலுக்கெல்லாம் இருட்டத் தொடங்கிவிட்டது. நம் ஊரில் மாடு வீடு திரும்பும் நேரம். சீக்கிரம் படுக்கிறோம், நாளைக்கு நாலு மணிக்கு எழ வேண்டும்.

இரண்டாம் நாள்: கல்லும் தண்ணீரும்

ஐந்து மணிக்கு வரிசையில் உட்கார்ந்துவிட்டோம். உட்கார்ந்து என்றுதான் சொல்ல வேண்டும், ஏனென்றால் இரும்புக் கம்பி போட்ட நீண்ட கூண்டுப் பாதையில் பெஞ்சு போட்டிருக்கிறார்கள். விடியற்காலையில் பீடத்துக்கு ஸ்நானம், நித்திய பூஜை எல்லாம் முடிந்து எட்டு மணிக்குத்தான் மக்களை விடுகிறார்கள். மதியம் ஒரு மணிக்கு நைவேத்தியத்துக்காக மறுபடி நடை சாத்துவார்கள். நாங்கள் உள்ளே போனபோது மணி பத்தேமுக்கால்.

அந்த ஐந்தே முக்கால் மணி நேரம் எனக்கு வீணாகத் தெரியவில்லை. கையில் செம்பருத்தி மாலையோடு பிகார், வங்காளம், நேபாளம் என்று எங்கெங்கிருந்தோ வந்த பெண்கள். கம்பிக்கு வெளியே நெற்றியில் குங்குமம் வைத்த ஆட்டுக்கிடாய்கள் யாரையும் சட்டை செய்யாமல் திரிந்தன. வேண்டுதலுக்காகக் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போன கிடாய்கள் அவை, புறாக்களும் அப்படித்தான். ஒரு கிடாய் அத்தையின் மாலையிலிருந்து ஒரு பூவைக் கடித்து இழுத்துவிட்டது. "தின்னட்டும் கண்ணு, அதுவும் அம்மனுக்குத்தான் வந்திருக்குது" என்றார்.

எங்களுக்கு முன்னால் இருந்த பூசாரிப் பையன், இங்கே பண்டா என்கிறார்கள், கேந்துகலாய் கதையைச் சொன்னான். இந்த மலையின் கதைகளில் எனக்கு மிகவும் பிடித்துப்போனது இது.

கேந்துகலாய் பெரிய பக்தர். சாயங்கால ஆரத்தியின்போது அவர் மணியடித்துப் பாடினால் அம்மனே உருவம் கொண்டு ஆடுவாளாம், மூடிய கதவுக்குள்ளே. அப்போது இந்தப் பகுதியை ஆண்ட கோச் வம்சத்து அரசன் நரநாராயணன் காதுக்கு இது போனது. இந்தக் கோவிலை மறுபடி கட்டிக் கொடுத்தவனே அவன்தான். ஒரே ஒரு முறை பார்க்க வேண்டும் என்று பூசாரியை நச்சரித்தான். சுவரில் இருந்த சின்ன ஓட்டை வழியாகப் பார்த்தான். அம்மன் திரும்பினாள். பூசாரியின் தலை அங்கேயே போய்விட்டது என்பார்கள், கல்லாகிவிட்டார் என்பாரும் உண்டு. அரசனுக்குக் கிடைத்தது வேறு: நீயோ உன் வம்சத்தாரோ இனி என் கோவிலை ஏறிட்டும் பார்க்கக் கூடாது. கூச் பிகார் அரச குடும்பத்தார் இந்த மலைப் பக்கம் போக நேர்ந்தால் குடையால் முகத்தை மறைத்துக்கொண்டு கடப்பார்கள் என்று இன்றும் சொல்கிறார்கள்.

கட்டியவனே பார்க்கக் கூடாது! அத்தை இதைக் கேட்டு ரொம்ப நேரம் பேசவில்லை.

சரி, கட்டிய கதையையும் சொல்லிவிடுகிறேன். பழைய கற்கோவில் ஒன்று இங்கே இருந்தது. 9-ஆம் நூற்றாண்டு அரசன் வனமாலவர்மனின் தேஜ்பூர் செப்பேட்டிலேயே காமேஸ்வர மகாகௌரி என்ற பெயர் வருகிறது. அந்தக் கோவில் இடிபட்டது. இடித்தவன் காளாபகார் என்ற படைத்தலைவன் என்று ஊரெல்லாம் சொல்கிறார்கள். ஆய்வாளர்கள் பலர் 1498-இல் காமதா நாட்டின் மேல் படையெடுத்த வங்காளத்து சுல்தான் ஹுசைன் ஷாவைக் கைகாட்டுகிறார்கள். அப்புறம் காடு மூடிவிட்டது.

கோச் வம்சத்தைத் தொடங்கிய விஸ்வசிங்கன் போர்க்காலத்தில் வழி தவறி இந்த மலைக்கு வந்து, ஒரு கிழவியிடம் தண்ணீர் வாங்கிக் குடித்தானாம். அவள் ஒரு மண்மேட்டைக் காட்டி, இது சக்தியுள்ள இடம் என்றாள். என் நாடு அமைதியானால் பொன்னால் கோவில் கட்டுகிறேன் என்று வேண்டிக்கொண்டான். நாடு அமைதியானது. தோண்டினால் கீழே பழைய கோவிலின் அடித்தளம்! பொன்னுக்கு எங்கே போவது? செங்கல்லுக்கு ஒரு குன்றிமணி பொன் வைத்துக் கட்டினான் என்று கதை முடிகிறது.

இன்று நிற்கும் கோவில் அவன் மகன் நரநாராயணன் காலத்தில், 1565-இல் எழுந்தது. கட்டுமானத்தை நடத்தியவன் அரசனின் தம்பி சுக்லத்வஜன். பருந்து போலப் பாய்ந்து தாக்குவான் என்பதால் அவனைச் சிலாராய் என்றார்கள், அசாமியில் சிலா என்றால் பருந்து. மேகமுக்தம் என்ற கொத்தனார் பழையபடி கல் விமானத்தை எழுப்பப் பார்த்துத் தோற்றார். கடைசியில் கல்லை விட்டுவிட்டுச் செங்கல்லைக் கையில் எடுத்தார். அதனால்தான் இந்த விமானம் நம் கோபுரம் போலவும் இல்லை, ஒடிசா சிகரம் போலவும் இல்லை. தேன்கூட்டைக் கவிழ்த்து வைத்த மாதிரி உருண்டு நிற்கிறது, சுற்றிலும் சின்னச் சின்னக் கூடுகள். கல் தோற்ற இடத்தில் ஒரு கொத்தனார் கண்டுபிடித்த வடிவம். பின்னால் அசாமில் பல கோவில்கள் இதைப் பார்த்துக் கட்டப்பட்டன. அடிப்பகுதியை மட்டும் உற்றுப் பார்த்தால் பழைய கல்வேலை தெரியும். முன்னால் நீண்டு கிடக்கும் நாட்டிய மண்டபம் பிறகு வந்த ஆகோம் அரசர்களின் கொடை. சுவரில் ராஜேஸ்வர சிங்கன் 1759-இலும் கௌரிநாத சிங்கன் 1782-இலும் வைத்த கல்வெட்டுகள் இருக்கின்றன.

உள்ளே போகும் வழியில் ஒரு மண்டபம், சலந்தா. உற்சவத் திருமேனி அங்கேதான் இருக்கிறது. வழிபட அனுமதி இழந்த நரநாராயணனும் சிலாராயும் அங்கே சிலையாக நிற்கிறார்கள்.

அதற்கப்புறம் இருட்டு. மின்விளக்கு இல்லை. கீழே இறங்கும் படிகள் தண்ணீரும் எண்ணெயும் பூவும் மிதிபட்டு வழுக்குகின்றன. அத்தையின் முழங்கையைப் பிடித்துக்கொண்டேன், அவர் என் சேலை முந்தானையைப் பிடித்துக்கொண்டார். மேல்மூச்சு வாங்குகிற சூடு, நெய், நசுங்கிய செம்பருத்தி, ஈரக்கல் வாசனை. ஒரே ஒரு அகல் விளக்கு எரிகிறது. குகைக்குள் இருக்கிறோம் என்பது சுவரைத் தொட்டபோதுதான் தெரிந்தது.

சிலை இல்லை. தரையில் பாறை. அதன் மேல் சிவப்புத் துணி, பூக்குவியல். பாறையில் ஒரு பிளவு, அதில் ஊறிக்கொண்டே இருக்கும் ஊற்று. தாட்சாயணியின் உடலைத் தூக்கிக்கொண்டு சிவன் அலைந்தபோது அவளுடைய யோனி விழுந்த இடம் என்பது ஐதிகம். அது விழுந்ததும் மலையே நீலமாகிவிட்டதாம். பூசாரி என் மணிக்கட்டைப் பிடித்துப் பூக்களுக்கு அடியில் அழுத்தினார். விரல் நுனியில் முதலில் துணி, பிறகு கல், பிறகு சில்லென்று தண்ணீர். "தொடு, குடி, நகரு." இரண்டு அடி தள்ளி லட்சுமி பீடமும் சரஸ்வதி பீடமும். அங்கேயும் தண்ணீர்தான்.

எத்தனை நொடி இருந்தோம் என்று தெரியாது. வெளியே வெயிலில் வந்து நின்றபோது அத்தை வலது கையை மூடியே வைத்திருந்தார்.

"என்னத்தை பார்த்தீங்க அத்தை?"

"ஒண்ணும் பாக்கல கண்ணு. தொட்டேன்."

நானும் அப்படித்தான். தரிசனம் என்றால் பார்ப்பது. ஐந்தே முக்கால் மணி நேரம் தரிசன வரிசையில் உட்கார்ந்துவிட்டு, பார்க்க ஒன்றுமில்லாத இடத்துக்குப் போய் வந்திருக்கிறோம். கேந்துகலாய் கதை எதற்கு இந்த மலையில் பிறந்தது என்பது அந்தப் படிகளில்தான் எனக்குப் பிடிபட்டது.

மதியம் கிச்சடிப் பிரசாதம் சாப்பிட்டுவிட்டு சௌபாக்கிய குண்டத்தின் படிகளில் உட்கார்ந்திருந்தோம். அப்போது அம்புபாசி பற்றிச் சொன்னேன். ஜூன் 22 வாக்கில், நம் ஆனி மாதத்தில், அம்மனுக்கு மாதவிலக்கு என்று மூன்று நாள் நடை சாத்திவிடுவார்கள். அந்த நாட்களில் அசாமில் மரபுப்படி ஏர் பூட்டுவதில்லை, மண்ணைக் கொத்துவதில்லை, ஏனென்றால் பூமிக்கும் அதே நாட்கள். நான்காம் நாள் குளிப்பாட்டிக் கதவைத் திறக்கும்போது லட்சக்கணக்கான பேர் மலையில் காத்துக் கிடப்பார்கள். பாறையைப் போர்த்திய சிவப்புத் துணியில் ஒரு துண்டு கிடைத்தால் அதுதான் பெரிய பிரசாதம். கேரளத்தில் செங்கன்னூர் பகவதிக்கும் இப்படி ஒரு வழக்கம் உண்டு. அசாமிய வீடுகளில் பெண் வயதுக்கு வந்தால் துலோனி பியா என்று விழா எடுக்கிறார்கள், வாழைக்குத் திருமணம் செய்துவைப்பார்கள்.

அத்தைக்கு அவருடைய தாய்மாமன் தென்னை ஓலையில் குச்சு கட்டிய நாள் நினைவுக்கு வந்துவிட்டது. அந்தச் சீர் முடிந்த பிறகு, ஒவ்வொரு மாதமும் மூன்று நாள் வீட்டுத் திண்ணையோரம் தனித்தட்டோடு உட்கார்ந்த கதையையும் சொன்னார். மாட்டுக் கொட்டகைப் பக்கம் போகக் கூடாது, ஊறுகாய் ஜாடியைத் தொடக் கூடாது. சொல்லிவிட்டு, "அந்த மூணு நாள் வெளியில உக்காந்தது நான். இங்க வெளியில உக்காந்திருக்கிறது ஊரு" என்றார். நான் எழுதிக்கொள்ளத் தோன்றாமல் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மூன்றாம் நாள்: பழைய படிவழி

நேற்று வண்டியில் ஏறினோம். இன்று அடிவாரத்திலிருந்து நடந்தே ஏறினோம், நரகாசுரன் போட்ட வழியில்.

மேகலா உஜா என்று இதற்குப் பெயர். மேகலா அசாமியப் பெண்கள் இடுப்பில் உடுத்துவது. கதை இப்படி: நரகனுக்கு அம்மன் மேலேயே ஆசை வந்துவிட்டது. கல்யாணம் பண்ணிக்கொள் என்று கேட்டான். சரி, ஒரே ராத்திரியில் அடிவாரத்திலிருந்து உச்சிவரை கல்படி போட்டு முடித்தால் சம்மதம் என்றாள். அவன் அசுரன், போட ஆரம்பித்தான். விடிய இன்னும் நேரமிருக்கும்போதே கடைசிப் படிகளுக்கு வந்துவிட்டான். அம்மன் ஒரு சேவலைக் கூவ வைத்தாள். விடிந்துவிட்டது என்று நினைத்து அவன் கையிலிருந்த கல்லைப் போட்டுவிட்டான். உண்மை தெரிந்ததும் அந்தச் சேவலைத் துரத்திக்கொண்டு பிரம்மபுத்திராவைத் தாண்டி ஓடி வெட்டினான். வெட்டிய இடம் தர்ரங் மாவட்டத்தில் குக்குராகட்டா என்று இன்றும் பெயரோடு இருக்கிறதாம்.

ஏறும்போது இந்தப் பாதையை லேசாக நினைக்க முடியவில்லை. பெரிய பெரிய பாறைப் பலகைகள், நடுவில் தேய்ந்து குழிந்து, ஒவ்வொன்றும் ஒரு உயரம். ஓரத்துப் பாறைகளில் செதுக்கிய உருவங்கள் குங்குமம் பூசி இருக்கின்றன. அத்தை இருபது படிக்கு ஒருமுறை உட்கார்ந்தார். ஒரு முறை உட்கார்ந்தபோது படியைத் தடவிப் பார்த்து, "நல்லாத்தான் போட்டிருக்கான்" என்றார். தீபாவளிக்குக் கொல்லப்படுகிறவனைப் பற்றி அத்தை சொன்ன முதல் நல்ல வார்த்தை!

இரண்டு பேர் அம்மனை நெருங்கப் பார்த்தார்கள், ஒருவன் அடைய, ஒருவன் பார்க்க. இருவருமே அவளுக்கு உழைத்தவர்கள், ஒருவன் படி கட்டினான், மற்றவன் கோவில் கட்டினான். உழைப்பை வாங்கிக்கொண்டாள், ஆளைத் தள்ளி நிறுத்திவிட்டாள். இந்தக் கதைகளைச் சொன்னவர்கள் யாரென்று யோசித்துக்கொண்டே ஏறினேன். யோகினி தந்திரம் என்ற நூல் இங்குள்ள வழிபாட்டை கிராதர்களுடையது என்றே சொல்கிறது. மேகாலயத்துக் காசி, காரோ போன்ற மலைக்குடிகளின் தாய்த்தெய்வம்தான் பிறகு புராணத்துக்குள் வந்தாள் என்று ஆய்வாளர்கள் பலர் கருதுகிறார்கள். தாய்வழியில் குடும்பப் பெயர் போகும் குடிகள் அவை. இன்று கோவிலில் பூஜை செய்பவர்கள் பிராமணர்கள். 18-ஆம் நூற்றாண்டில் ஆகோம் அரசன் சிவசிங்கன் வங்காளத்திலிருந்து வந்த கிருஷ்ணராம பட்டாசாரியாரை குருவாக ஏற்று இந்தக் கோவில் பொறுப்பைக் கொடுத்தான். கைகள் மாறியிருக்கின்றன. ஊற்று மட்டும் அதே இடத்தில் இருக்கிறது.

மேலே பலிபீடத்தின் அருகே இன்று கிடாய் வெட்டு நடந்துகொண்டிருந்தது. ஆண் விலங்குகளை மட்டும்தான் பலி கொடுப்பார்கள், பெட்டையைத் தொடுவதில்லை. வடக்கே இருந்து வந்த ஒரு குடும்பம் முகத்தைத் திருப்பிக்கொண்டு வேகமாக நகர்ந்தது. எனக்கும் பார்க்க முடியவில்லை. அத்தை மட்டும் நின்று கும்பிட்டார். எங்கள் அங்காளம்மனுக்கு வருடா வருடம் கிடாய் வெட்டுகிற குடும்பம்தானே. ஆவணி வாக்கில் இங்கே தேவத்வனி என்று மூன்று நாள் விழா, மனசா தேவி பூஜையை ஒட்டி வருவது. அருள் வந்த ஆண்கள் கத்தி முனையில் ஏறி நின்று ஆடுவார்களாம். கடைக்காரர் கைபேசியில் படம் காட்டினார். "நம்ம சாமியாடிதான்" என்று சொல்லிவிட்டார் அத்தை, மொழி தெரியாத கடைக்காரரிடம் தமிழிலேயே.

மலை முழுக்கப் பத்து மகாவித்யைகள், அம்மனின் பத்து வடிவங்கள். திரிபுரசுந்தரி, மாதங்கி, கமலா மூவரும் பெரிய கோவிலுக்குள்ளேயே. காளி, தாரா, சின்னமஸ்தா, பைரவி, தூமாவதி, பகளாமுகி, புவனேஸ்வரி தனித்தனியாக. நாங்கள் நான்குதான் பார்த்தோம், அத்தையின் முழங்கால் அதற்கு மேல் ஒத்துழைக்கவில்லை. ஆனால் உச்சியில் இருக்கும் புவனேஸ்வரியை விடவில்லை. கூட்டமே இல்லை. அங்கேயும் கீழே இறங்கித்தான் கும்பிட வேண்டும், அங்கேயும் கல்தான். வெளியே வந்தால் பிரம்மபுத்திரா.

காவிரியைப் பார்த்து வளர்ந்த எனக்கு அதை ஆறு என்று சொல்ல வாய் வரவில்லை. அக்கரை பனிப்புகைக்குள் இருக்கிறது. 1671-இல் ஆகோம் படைத்தலைவன் லாசித் போர்புகன் முகலாயரின் படகுப்படையை மடக்கிய சராய்காட் இந்தத் தண்ணீர்தான். அத்தைக்கு அந்தப் போரில் ஈடுபாடு இல்லை. ஊறுகாய் போல ஊறவைத்த பாக்கை இங்கே தாமூல் என்கிறார்கள், நம் தாம்பூலம்தான், அதைப் பச்சை வெற்றிலையில் வைத்து மென்றுகொண்டு, ஒரு மணி நேரம் தண்ணீரையே பார்த்தார்.

நான்காம் நாள்: உமானந்தம், வசிஷ்டர், அப்புறம் ரயில்

காலையில் படகில் உமானந்தம். ஆற்று நடுவே சின்னத் தீவு, காமாக்யாவின் பைரவர் அங்கே இருக்கிறார். ஆகோம் அரசன் கதாதர சிங்கன் 1694-இல் கட்டியது. சிவன் மன்மதனை எரித்த இடம் இது என்றும், அவன் திரும்ப உருவம் பெற்றதால்தான் இந்த நாட்டுக்குக் காமரூபம் என்று பெயர் வந்தது என்றும் சொல்கிறார்கள். சாம்பலான மன்மதனைக் கும்பிட்டுவிட்டு அரை மணியில் திரும்பிவிட்டோம்.

மதியம் ஆட்டோ பிடித்து வசிஷ்டர் ஆசிரமம். பாறைகளின் மேல் ஓடை சலசலக்கிற இடம். குரங்குகளும் மூங்கிலும். இங்கே வரக் காரணம் அத்தைதான், நரகன் கதையின் முடிவைக் கேட்டதிலிருந்து போக வேண்டும் என்றார். காலிகா புராணத்தில் நரகனுக்கு அழிவு கண்ணனோடு தொடங்குவதில்லை. வசிஷ்டர் ஒருநாள் காமாக்யாவைக் கும்பிட வந்தார், நரகன் வழியை மறித்தான். உன்னைப் பெற்றவன் கையாலேயே சாவாய், நீ உயிரோடிருக்கும்வரை அம்மனும் இங்கே மறைந்தே இருப்பாள் என்று சபித்துவிட்டுப் போனார். கும்பிட வந்த ஒரு கிழவரைத் திருப்பி அனுப்பியதுதான் அவன் செய்த பெரிய பிழை. ஐந்தே முக்கால் மணி நேரம் உட்கார்ந்த அத்தைக்கு அது நன்றாகவே புரிந்தது.

திரும்பும் வழியில் ஆட்டோக்காரர் ஒரு குன்றைக் காட்டினார். நரகாசுர பர்வதம். அதன் மேல்தான் குவாஹாட்டி மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. "என் பொண்ணு அங்கதான் பிறந்தா, போன மாசம்" என்றார் இந்தியில், முகமெல்லாம் சிரிப்பாக. நான் மொழிபெயர்த்தேன்.

"எங்க, நரகாசுரன் மலையிலயா?"

"ஆமாங்க அத்தை."

வண்டியை நிறுத்தச் சொன்னார். பையைப் பிரித்து, மலையில் பேத்திக்கென்று பொறுக்கிப் பொறுக்கி வாங்கிய சிவப்பு வளையல் பொட்டலத்தை எடுத்தார். அதிலிருந்த மிகச் சின்ன வளையல்கள் நான்கைப் பிரித்து, காகிதத்தில் சுற்றி, நூறு ரூபாய் நோட்டையும் வைத்து அவர் கையில் கொடுத்தார். "இப்பப் பெருசா இருக்கும். கை வளரட்டும், போட்டுவிடச் சொல்லு கண்ணு."

ரயிலுக்கு இன்னும் இரண்டு மணி நேரம் இருக்கிறது. நடைமேடையில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். அத்தை பேரனுக்குப் போன் போட்டிருக்கிறார். நரகாசுரன் கதையை முதலிலிருந்து, மிதிலையில் வளர்ந்ததிலிருந்து, சொல்லிக்கொண்டிருக்கிறார்.